‘ஒரு சென்டிமீட்டர்தானே தம்பி!’

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று என்றால், பிள்ளைகளிடமிருந்து வரும் முதல் நச்சரிப்பு என்ன? ‘‘அப்பா, தீம் பார்க் எப்போ கூட்டிட்டுப் போவே?’’ என்பதுதானே! வி.ஜி.பி., எம்.ஜி.எம்., கிஷ்கிந்தா என்று 1990-களிலேயே பழகிவிட்டவர்கள் சென்னைக்காரர்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்து சேர்ந்துவிட்டது. கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் இருக்கவே இருக்கிறது.

அப்படிப் போகிறபோது ஒரு காட்சியை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, ராட்டினத்தின் வாசலுக்கே வந்தாயிற்று. அங்கே ஒரு கம்பம். அதில் ஒரு கோடு. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு இளைஞன். பையனைக் கோட்டருகே நிற்க வைத்துப் பார்க்கிறான். ‘‘சாரி சார், ஹைட் பத்தாது. இந்த ரைடுக்கு விட முடியாது.’’

அவ்வளவுதான்! அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்கு ஆதங்கம், பையனுக்கு அழுகை. ‘‘ஒரு சென்டிமீட்டர்தானே தம்பி! இதுக்கெல்லாமா பார்ப்பே?’’ என்று தொடங்குகிற பேச்சு, ‘‘மேனேஜரைக் கூப்பிடு’’, ‘‘நான் யாருன்னு தெரியுமா?’’ என்று ஏறிக்கொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கை. காலையில் இதே குடும்பம் டிக்கெட் கவுன்ட்டரில் நின்றபோது கதை வேறு. பல பூங்காக்களில் குழந்தைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்பதையும் உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே, ‘‘டேய், கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா!’’ இங்கே, ‘‘டேய், குதிகாலைத் தூக்கி நில்லுடா!’’ ஒரே பிள்ளை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு உயரம்!

சிரித்துவிட்டீர்களா? சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

வாசலில் நிற்கும் தம்பி

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித்தான் என் மருத்துவசாலை. பூங்காக்களில் ராட்டினம் இயக்கும் தம்பிகள் பல வருஷங்களாக என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். (எந்தப் பூங்கா என்பதெல்லாம் வேண்டாம். எல்லா இடத்திலும் இதே கதைதான்.) ஐ.டி.ஐ. படித்தவர்கள், டிப்ளமா முடித்தவர்கள், கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள்.

அவர்கள் சொல்கிற நோய்களைக் கேட்டாலே வேலை என்னவென்று புரிந்துவிடும். தொண்டைக்கட்டு. நாளெல்லாம் நின்று நின்று கெண்டைக்கால் வலி, நரம்பு சுருண்டு புடைத்தல். வெயிலில் தலைவலி, நீர்க்கடுப்பு. சாப்பாட்டு நேரம் தவறித் தவறி வயிற்றெரிச்சல்.

அப்புறம் மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்று: ஏச்சு வாங்குவது. ஒரு தம்பி சொன்னான்: ‘‘டாக்டர், ராட்டினம் ஓட்டுறது ஈஸி. பட்டனை அழுத்தினாப் போதும். வேண்டாம்னு சொல்றதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு இருபது, முப்பது பேர்கிட்ட சொல்லணும். ஒவ்வொருத்தரும் என்னமோ நான் அவங்க காசைத் திருடிட்ட மாதிரி பார்ப்பாங்க. பிள்ளைங்க அழும்போது எனக்கே கஷ்டமா இருக்கும். ஆனா விட்டுட்டு ராத்திரி நான் எப்படித் தூங்குறது?’’

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அவன் தடுப்பது உங்கள் சந்தோஷத்தை அல்ல. எதைத் தடுக்கிறான் என்று உடம்பைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கோட்டுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள்

இந்த உயரத்தைப் பூங்காக்காரர்கள் தோன்றினபடி போடுவதில்லை. ராட்டினத்தைத் தயாரித்த கம்பெனி, அந்த இருக்கையும் பிடிமானக் கம்பியும் எந்த அளவு உடம்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற அளவு அது. பூங்காக்காரர்கள் அதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. ராட்டினத்துக்கு ராட்டினம் இது மாறும். சிலவற்றுக்கு 100, 110 சென்டிமீட்டர் போதும். பலவற்றுக்கு 120. பெரிய ராட்டினங்களுக்கு 140-ம் உண்டு.

ஏன் வயதைக் கேட்காமல் உயரத்தைக் கேட்கிறார்கள்? பிடிமானக் கம்பிக்கு வயது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தொடை எங்கே இருக்கிறது, தோள் எங்கே இருக்கிறது என்பதுதான்.

முதல் காரணம், இடுப்பெலும்பு. மடிமேல் இறங்குகிற கம்பியோ பெல்ட்டோ இடுப்பெலும்பின் மேல்தான் அழுந்த வேண்டும். அந்த எலும்பு கெட்டியானது, தாங்கும். சின்னக் குழந்தைக்கு அந்த எலும்பின் முன்முனை இன்னும் சரியாகத் துருத்தி வளர்ந்திருக்காது. அதனால் பெல்ட் நழுவி வயிற்றின் மேல் ஏறிவிடும். ராட்டினம் சட்டென்று நிற்கும்போது அத்தனை அழுத்தமும் குடல், கல்லீரல், முதுகெலும்பு ஆகியவற்றின் மேல் விழும். காரிலும் இதே ஆபத்துதான். 4 அடி 9 அங்குலம் வளரும்வரை குழந்தையைக் காரில் உயர்த்தி உட்கார வைக்கும் தனி இருக்கையில் உட்கார வையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, தலை. ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்கிறோமே, குழந்தைக்கு அது இரண்டு மடங்கு உண்மை. பிறந்த குழந்தையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதுக்குள் மூளை முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. ஆனால் அதைத் தாங்குகிற கழுத்துத் தசை வளர இன்னும் பல வருஷங்கள் வேண்டும். அதாவது கனத்த குடம், மெல்லிய தண்டு. ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் பாய்ந்து திரும்பும்போது நம் எடை 3, 4 மடங்காகிவிட்டதுபோல் உடம்பு உணரும். தலை 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் கழுத்து 9 முதல் 12 கிலோவைத் தாங்க வேண்டும். அதுவும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே!

மூன்றாவது, கம்பியின் இடைவெளி. பல ராட்டினங்களில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கம்பி இறங்கி அப்பாவின் தொடையிலோ தொந்தியிலோ முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் காலியாக இருக்கும். ராட்டினம் மேட்டில் ஏறிச் சட்டென்று கீழே பாயும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்புமே, ‘வயிற்றில் பூச்சி பறக்குது’ என்று பிள்ளைகள் கத்துகிற அந்த நொடி, அப்போது அந்த ஒரு சாண் இடைவெளி போதும், பிள்ளை வெளியே நழுவிவிட.

நான்காவது, கைகால் எட்டுவதும் புத்தியும். கால் தரையில் ஊன்ற வேண்டும். கை, பிடியை எட்ட வேண்டும். பயம் வந்தால் எழுந்து நிற்கக் கூடாது, பாதியில் இறங்கக் கூடாது என்கிற அறிவும் வேண்டும். அந்தப் பக்குவமும் ஏறக்குறைய அந்த உயரம் வருகிற வயதில்தான் வருகிறது.

‘‘அப்ப மடியில வெச்சுக்கறேனே!’’ என்பார்கள் சில தாய்மார்கள். அம்மா, பதினைந்து கிலோ பிள்ளை 3 மடங்கு கனத்தால் 45 கிலோ. மூட்டை தூக்குகிறவருக்கே சட்டென்று பிடிக்க முடியாத பாரம் அது. அன்பு எவ்வளவு இருந்தாலும் கை தாங்காது.

நம் விரல் அளவும் இயந்திரத்தின் அளவும்

சித்த மருத்துவத்தில் ‘மணிக்கடை நூல்’ என்று ஒரு சோதனை உண்டு. நோயாளியின் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி நூலால் சுற்றளவை எடுத்து, அதை அந்த நோயாளியின் விரற்கடையாலேயே அளப்போம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு இதைக் கற்றுத் தந்தபோது ஆசிரியர் அழுத்திச் சொன்னது, ‘‘உன் விரலால் அளக்காதே. அவன் விரலால் அள’’ என்பதுதான். ஒவ்வொரு உடம்புக்கும் அதனதன் அளவுகோல் அதனிடமே இருக்கிறது என்பது நம் மருத்துவத்தின் அடிப்படை.

ராட்டினம் அப்படியில்லை. அதற்கு ஒரே அளவுகோல், தன்னுடைய அளவுகோல். உங்கள் பிள்ளை கெட்டிக்காரனா, தைரியசாலியா, நீச்சலில் மெடல் வாங்கியவனா என்பதெல்லாம் அந்த இரும்புக் கம்பிக்குத் தெரியாது. அதனால்தான், ‘‘என் பையன் பயப்பட மாட்டான் தம்பி’’ என்று சொல்வதில் பயனில்லை. தைரியத்தை யாரும் அங்கே சோதிக்கவில்லை.

இந்தக் கோடு கீழ்ப்பக்கம் மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் ரயிலில் பெரியவர்கள் ஏறக் கூடாது. சில ராட்டினங்களில் அளவுக்கு மீறி உயரமானவர்களை விட மாட்டார்கள். உடம்பு பருத்திருந்து தோள்கம்பி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளவில்லை என்றால், இறங்கச் சொல்லுவார்கள். நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். சொல்கிற தம்பிக்கும் அது சங்கடம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலையில் சரி, சாயங்காலம் குறைவு!

‘‘வீட்டுல அளந்தப்போ 140 இருந்தான் சார். இங்கே 139-ங்கறாங்க. ஏமாத்தறாங்க!’’ இதுவும் அடிக்கடி நடக்கிற சண்டை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றால் நம்புவீர்களா?

ராத்திரி படுத்துத் தூங்கும்போது முதுகெலும்புகளின் நடுவே இருக்கிற தட்டுகள் நீரை இழுத்துக்கொண்டு உப்பும். காலையில் எழுந்து நடமாடத் தொடங்கியதும் உடம்பின் பாரத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். இதனால் காலையில் எழுந்தவுடன் இருக்கிற உயரத்தைவிடச் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் குறைவது சகஜம். பெரியவர்களுக்கும் உண்டு, குழந்தைகளுக்கும் உண்டு. குறைவதில் பெரும்பங்கு எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும்.

ஆகவே வீட்டில் அளப்பதாக இருந்தால், படுக்கையிலிருந்து எழுந்ததும் அளக்காதீர்கள். சாயங்காலம், செருப்பில்லாமல், சுவரில் குதிகாலும் முதுகும் பட நிற்க வைத்து, தலைமேல் கனமான புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் நம்பகமான உயரம்.

சிலர் செய்கிற தந்திரங்களும் அந்தத் தம்பிகளுக்கு அத்துப்படி. ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்து வைப்பது, பெண் பிள்ளைக்கு உச்சியில் கொண்டை போட்டுவிடுவது, பாவாடைக்குள் குதிகாலைத் தூக்கி நிற்பது... கோட்டை ஏமாற்றிவிடலாம். கம்பியை ஏமாற்ற முடியாது.

சோதனை தவறினால்...

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இரண்டே இரண்டு சம்பவங்கள், தெரிந்துகொள்ள வேண்டியவை.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், குகைக்குள் 110 அடி ஆழத்துக்கு விழும் ஒரு ராட்டினத்தில் 6 வயதுச் சிறுமி இறந்தாள். சீட் பெல்ட்டுகள் அவள் மடிமேல் இல்லை. அவள் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஏதோ சரியில்லை என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. இயக்கியவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டு ராட்டினத்தை விட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்றது மாநில அரசின் விசாரணை அறிக்கை.

2022 மார்ச்சில் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில், சுமார் 430 அடி உயரத்திலிருந்து விழும் ராட்டினத்திலிருந்து 14 வயதுப் பையன் ஒருவன் நழுவி விழுந்து இறந்தான். நல்ல உயரமும் கனமும் உள்ள பையன். அந்த ராட்டினத்துக்கு வைத்திருந்த எடை வரம்பு சுமார் 130 கிலோ. அவன் அதைவிடக் கூடுதல். அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றியமைத்திருந்தார்கள். அதனால் தோள்கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே அதிக இடைவெளி இருந்தும் ‘எல்லாம் சரி’ என்று விளக்கு எரிந்தது. வாசலில் நின்று, ‘‘தம்பி, உனக்கு இந்த ராட்டினம் வேண்டாம்ப்பா’’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. 2023-ல் அந்த ராட்டினத்தையே கழற்றிவிட்டார்கள். அந்தப் பையன் பெயரில் புளோரிடாவில் ஒரு பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

இரண்டு சம்பவங்களும் உயரக் கோட்டைப் பற்றியவை அல்ல. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இயந்திரம் ‘சரி’ என்றாலும், கண்ணால் பார்த்துக் கையால் இழுத்துப் பார்க்கிற ஒரு மனிதர்தான் கடைசிக் காவல். அந்த மனிதரை அவசரப்படுத்துவது, மிரட்டுவது, கெஞ்சி மசிய வைப்பது எல்லாமே அந்தக் காவலைத் தளர்த்துகிற வேலை.

அந்தத் தம்பிக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல்போல் ஆடுகிற ராட்டினம் முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 30 பேர் காயமடைந்தார்கள். அது இரும்பு முறிந்ததால் நடந்த விபத்து. அதற்காகக் கைதானவர்களில் நடத்தியவர்கள் மட்டுமில்லை, ராட்டினத்தை இயக்கியவர்களும் ஒரு உதவியாளும் இருந்தார்கள். ‘‘எங்க ரிஸ்க்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’’ என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் காகிதம் உங்கள் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாது. அந்தத் தம்பியையும் காப்பாற்றாது.

‘உயரத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்க!’

லீவு முடிந்து ஜூன் மாதம் பிறந்தால் என் மருத்துவசாலைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். சென்ற வருஷம் ஒரு தாய், 12 வயது மகனோடு வந்தார். பூங்காவில் அவனை விடவில்லை. 137 சென்டிமீட்டர். அவனுக்கு அடுத்த தங்கைக்குப் பத்தரை வயது, 141. அவளை விட்டுவிட்டார்கள்! ‘‘எல்லார் முன்னாடியும் மானம் போச்சு டாக்டர். குள்ளமாவே நின்னுடுவானோன்னு பயமா இருக்கு. உயரத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்க’’ என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராட்டினத் தம்பி சொன்னதைவிட, தாய் சொன்ன ‘குள்ளம்’தான் அவனை அதிகம் குத்தியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

‘‘வீட்டுச் சுவரில் போன வருஷம் கோடு போட்டீர்களா?’’ என்று கேட்டேன். போட்டிருந்தார்கள். ஒரு வருஷத்தில் 5 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். ‘‘அம்மா, இவன் சரியாகத்தான் வளர்கிறான். பெண் பிள்ளைகளுக்கு வேகமாக வளரும் பருவம் முதலில் வரும். ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் பிந்தி வரும். தங்கச்சி முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். இவன் பிறகு எட்டிப் பிடிப்பான்’’ என்றேன். பையன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.

பெற்றோர்களே, இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். நாலு வயதுக்கு மேல், வயதுக்கு வரும்வரை, பிள்ளைகள் வருஷத்துக்குச் சராசரியாக 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 120 சென்டிமீட்டர் என்பது 7 வயதை ஒட்டி வருகிற சராசரி உயரம். 140 என்பது பத்து, பத்தரை வயதுக்கானது. நம் பிள்ளைகள் பலர் இதைவிடச் சற்றுப் பிந்துவார்கள். அது நோயல்ல. ஆனால் வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுக் கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம்.

உயரத்தை வளர்க்கும் பவுடர், லேகியம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். அமுக்கரா உடம்பைத் தேற்றும். எலும்பை இழுத்து நீட்டாது. வளர்கிற பிள்ளைக்குப் பருப்பு, முட்டை, பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நல்ல தூக்கம், தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு. இவைதான் லேகியம்.

புறப்படும் முன்...

* பூங்காவுக்குப் போன் செய்தோ, விளம்பரச் சீட்டைப் பார்த்தோ, எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையை வீட்டிலேயே அளந்து, ‘‘இந்த வருஷம் உனக்கு இது, இது, இது. அது அடுத்த வருஷம்’’ என்று சொல்லி வையுங்கள். வீட்டில் தெரிந்த ‘இல்லை’, வாசலில் கேட்கும் ‘இல்லை’ அளவுக்கு வலிக்காது.

* அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை என்றால், அம்மாவும் அப்பாவும் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பெரியவனோடு ராட்டினத்தில்; மற்றவர் சின்னவனோடு வேறு விளையாட்டில். சின்னவனை வாசலில் அழவிட்டுப் போகாதீர்கள்.

* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிறும் வேண்டாம். தலைசுற்றல், குமட்டல் வருகிறவர்கள் சிறு துண்டு இஞ்சியை உப்புத் தொட்டுச் சுவைக்கலாம். இஞ்சி மரப்பாவும் ஆகும். வெயிலுக்கு நீர்மோர், நன்னாரி சர்பத் நல்லது.

* கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், கழுத்து, முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வேகமான ராட்டினங்களில் ஏறவே கூடாது. இவர்களைக் கம்பத்துக் கோடு கண்டுபிடிக்காது. நீங்களாகத்தான் ஒதுங்க வேண்டும்.

* துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். அதைச் சொல்கிற தம்பி உங்களைக் குறை சொல்லவில்லை.

* கம்பி பூட்டியபின் நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெல்ட் மடிமேல் இருக்கிறதா, அவன் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறானா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளை கோட்டுக்குக் குறைவாக இருந்தும் யாராவது ‘‘பரவாயில்லை, ஏறுங்க’’ என்றால், நீங்கள்தான் மறுக்க வேண்டும்.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால், பிள்ளை எதிரில் அந்தத் தம்பியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். குரல் உயர்த்தினால் விதி மாறாது. ஆனால், ‘சத்தம் போட்டால் காரியம் நடக்கும்’ என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். ‘‘இந்த அண்ணா உன்னைப் பத்திரமா பார்த்துக்கறார்டா’’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பிள்ளை அழுகையை நிறுத்துகிறதோ இல்லையோ, அந்தத் தம்பியின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

ராட்டினத் தம்பிகளுக்கு...

இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது என்று எனக்குத் தெரியும். தொண்டைக் கட்டுக்கு ஒரு சிறு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் அதைத் தொடர்ந்து சாப்பிடாதீர்கள். ராத்திரி வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளியுங்கள். வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொண்டு காலைச் சுவரில் உயர்த்திப் பத்து, பதினைந்து நிமிஷம் வையுங்கள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் குடிக்க ஆள் மாற்றிவிடச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். களைத்த கண்ணுக்குப் பெல்ட் தெரியாது.

‘வேண்டாம்’ என்று சொல்லும்போது பெரியவரைப் பார்த்து மட்டும் சொல்லாமல், ஒரு நொடி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ‘‘இன்னும் இத்தனை விரல்தான் ராஜா, வளர்ந்துட்டு வா’’ என்று சொல்லுங்கள். பலருக்குக் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிடும்.

இந்த லீவில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை, அடுத்த லீவுக்குள் அந்த 5, 6 சென்டிமீட்டரை வளர்ந்துவிடும். கோட்டைத் தாண்டி நிற்கும். அப்போது, ‘‘ஏறுப்பா’’ என்று கம்பியைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்பப் போவதும் இதே தம்பிதான். அதுவரை சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருங்கள்.